கால் மணி நேரம் உறைந்த திரை: விட்டுவிட்டு வந்த தரவுத்தள டைம்அவுட்டின் வேரைத் தேடிய ஆறு வாரங்கள்

எப்போதும் இருக்கும் கோளாற்றைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஒரு நாள் வேலை. வந்து, மறைந்து, எல்லாரும் மறந்த பிறகு மறுபடியும் தலைகாட்டும் கோளாறுதான் ஆளைத் தேய்த்துவிடும். நான் பொறுப்பேற்றிருந்த ஒரு வணிக நிறுவனத்தின் நெட்வொர்க்கில் அப்படிப்பட்ட ஒன்று ஆறு வாரங்கள் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கணக்கு, சரக்கு இருப்பு, விற்பனை மூன்றும் ஒரே ஜாவா பயன்பாட்டில் ஓடின. அது இரண்டு லினக்ஸ் சர்வர்களில் இயங்கியது. அதன் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலுக்கு அப்பால் தனிப் பிரிவில் இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை யாரோ ஒருவருடைய திரை உறைந்து நிற்கும். அதே நொடியில் பக்கத்து மேசையில் இருப்பவருக்கு எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் வரும் பிழைச் செய்தியில் ‘டைம்அவுட்’ (காத்திருக்கும் நேரம் முடிந்தது) என்ற சொல் இருக்கும். நாங்கள் ஓடிப்போய்ப் பார்க்கும்போது எதுவும் இருக்காது.

முதல் கூட்டத்தில் மூன்று தரப்பினரும் உண்மையைத்தான் சொன்னார்கள். தரவுத்தள சர்வரின் சிபியு பயன்பாடு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை, நீண்ட நேரம் ஓடும் வினவல் எதுவும் இல்லை என்றார் தரவுத்தள நிர்வாகி. பயன்பாட்டு சர்வரிலிருந்து தரவுத்தள சர்வருக்கு மூன்று வாரங்களாகப் பிங் (மறுமுனை விடை தருகிறதா என்று தட்டிப் பார்க்கும் சோதனை) ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) கூடத் தொலையவில்லை என்று நெட்வொர்க் நிர்வாகி வரைபடத்தைக் காட்டினார். நான்கு மாதங்களாக நிரலில் ஒரு வரியையும் மாற்றவில்லை என்றார் நிரலாளர். மூன்றும் சரி, ஆனாலும் திரை உறைந்துகொண்டுதான் இருந்தது. ‘எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது’ என்று ஒவ்வொருவரும் நிரூபிப்பதில் முதல் இரண்டு வாரங்கள் கழிந்தன. அந்த இரண்டு வாரங்களுக்காக இன்றும் வருந்துகிறேன், ஏனென்றால் அவர்களைக் கூட்டி உட்கார வைத்தவன் நான். ‘எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தது?’ என்ற கேள்வியை அங்கே கேட்டிருக்க வேண்டியவனும் நான்தான்.

அந்த இரண்டு வாரங்களில் நாங்கள் செய்த இரண்டு காரியங்கள் தடயத்தைக் கலைத்தன. ஒன்று, புகார் வந்தவுடன் பயன்பாட்டு சர்வரை மறுதொடக்கம் செய்தது. மறுதொடக்கம் செய்தால் சில மணி நேரம் எல்லாம் சரியாக இருக்கும் என்பது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அது பழைய இணைப்புகள் அனைத்தையும் அழித்துவிடுவதால், பார்த்திருக்க வேண்டிய சான்றும் அத்தோடு போய்விட்டது. மற்றொன்று, புதிய இணைப்பு ஏற்படக் காத்திருக்கும் நேரத்தை 10 விநாடியிலிருந்து 30 விநாடியாக உயர்த்தியது. பிழைகளின் எண்ணிக்கை குறைந்தது, காத்திருப்பு கூடியது. பிழைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த நாங்கள் நிலைமை தேறுகிறது என்று நம்பினோம். பிறகு நான் அதை மீண்டும் 10 விநாடிக்கே கொண்டுவந்தேன். காரணம் தெரியாத நிலையில் டைம்அவுட்டின் அளவை மாற்றக் கூடாது என்பதில் அன்றிலிருந்து பிடிவாதமாக இருக்கிறேன். அந்த அளவுதான் நமக்குக் கிடைக்கும் அடையாளம். அதைத் தொட்டால் அடையாளம் மாறிவிடும்.

திருப்பம் ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது. கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண் ஊழியர், திரை உறையும் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். எப்போது உறைந்தது, எப்போது பிழை வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என மூன்று பத்திகள். எங்கள் கண்காணிப்பு மென்பொருளில் இல்லாத ஒரு செய்தி அதில் இருந்தது. சில பதிவுகளில் உறைந்ததற்கும் பிழை வந்ததற்கும் இடையே ஏறத்தாழ பத்து விநாடி. வேறு சில பதிவுகளில் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நடுவில் ஒன்றுமே இல்லை. இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ காத்திருந்ததாக ஒரு பதிவும் இல்லை. மனிதர்கள் ‘சிஸ்டம் ஹேங் ஆகிறது’ என்று ஒரே சொற்றொடரில் சொல்வதை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

பயன்பாட்டின் லாக்கை, அதாவது நிகழ்வுப் பதிவை, அந்த நேரங்களோடு ஒப்பிட முயன்றபோது முதலில் ஒன்றுமே பொருந்தவில்லை. காரணம் எளியது: பயன்பாட்டு சர்வரின் கடிகாரமும் தரவுத்தள சர்வரின் கடிகாரமும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேறுபட்டிருந்தன. கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் என்டிபி சேவை ஒரு சர்வரில் எப்போதோ நின்றுபோயிருந்தது. இத்தகைய தேடலில் இறங்குமுன் எல்லாக் கருவிகளின் கடிகாரங்களையும் ஒன்றாக்குவது, ஃபயர்வாலையும், நெட்வொர்க் கேபிள்களை ஒன்றிணைக்கும் ஸ்விட்சையும் சேர்த்து, முதல் வேலையாக இருக்க வேண்டும். அதைச் செய்த பிறகு லாக்கில் இரண்டு வகைப் பிழைகள் தெளிவாகப் பிரிந்தன. ஒரு வகை, புதிய இணைப்பை ஏற்படுத்தும்போது வந்தது. மற்றொரு வகை, முன்பே இருந்த இணைப்பில் வினவலை அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருக்கும்போது வந்தது. இரண்டு செய்திகளிலும் ‘டைம்அவுட்’ என்ற சொல் இருந்ததால் எங்கள் எச்சரிக்கை நிரல் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரக் கதையை முதலில் எடுத்துக்கொண்டேன். லாக்கின்படி அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு முறையும் 15 நிமிடத்துக்குச் சற்று மேல் இருந்தது. எங்கள் பயன்பாட்டில் 15 நிமிடம் என்ற அமைப்பு எங்குமே இல்லை. ஜாவா பயன்பாட்டைப் போஸ்ட்கிரெஸோடு பேச வைக்கும் டிரைவரில் விடைக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு இயல்பாக வரம்பே கிடையாது. அப்படியானால் இந்த எண்ணை வைத்தது யார்? விடை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இருந்தது. அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புதல் வராவிட்டால், இணைப்பை நடத்தும் நெறிமுறையான டிசிபி அதை மீண்டும் அனுப்பும். ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கும். இடைவெளி 120 விநாடியை எட்டியதும் அதற்கு மேல் கூட்டாது. இயல்பு அமைப்பில் இப்படி 15 முறை முயன்ற பிறகே கைவிடும். தொடக்க இடைவெளி 0.2 விநாடி என்று வைத்துக் கூட்டினால் மொத்தம் 924.6 விநாடி, அதாவது 15 நிமிடம் 25 விநாடி. நோட்டுப் புத்தகத்தில் இருந்த கால் மணி நேரம் இதுதான். ஆக, எங்கள் பயன்பாடு ஒரு இணைப்பில் வினவலை அனுப்பியிருக்கிறது. மறுமுனையிலிருந்து ‘கிடைத்தது’ என்றோ ‘இணைப்பு இல்லை’ என்றோ எந்த ஓசையும் வரவில்லை. கர்னல் தன் பொறுமை முழுவதையும் செலவழித்துவிட்டு ஓய்ந்திருக்கிறது. தரவுத்தளம் மெதுவாக இருந்திருந்தால் பாக்கெட்டுக்கு ஒப்புதலாவது வந்திருக்கும். ஒப்புதலே வரவில்லை என்றால் பாக்கெட்டோ ஒப்புதலோ வழியிலேயே தொலைகிறது.

இப்படிப்பட்ட மௌனத்துக்கு நெட்வொர்க்கில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம், இணைப்பின் நிலையை நினைவில் வைத்திருக்கும் கருவி. ஃபயர்வால் ஒவ்வொரு இணைப்புக்கும் தன் அட்டவணையில் ஒரு வரி வைத்திருக்கும். குறிப்பிட்ட நேரம் அந்த இணைப்பில் எதுவும் ஓடாவிட்டால் வரியை நீக்கிவிடும். பெரும்பாலான கருவிகள் இரு முனைகளுக்கும் எதையும் சொல்வதில்லை. எங்கள் ஃபயர்வாலில் அந்தக் கால அளவு ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு பயன்பாடு அதே இணைப்பில் வினவல் அனுப்பினால், ‘இப்படி ஒரு இணைப்பு எனக்குத் தெரியாதே’ என்று ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். இரு முனைகளும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

இது சரியென்றால் கோளாறு காலையில் அலுவலகம் திறக்கும்போது மட்டுமே வர வேண்டும் என்று நெட்வொர்க் நிர்வாகி மறுத்தார். நியாயமான மறுப்பு. நோட்டுப் புத்தகத்தில் காலைப் பதிவுகள் இருந்தன என்றாலும், பாதிக்கு மேல் முற்பகல் பதினொரு மணியளவிலும் மாத இறுதிக் கணக்கு முடிக்கும் நாட்களிலும், அதாவது வேலை உச்சத்தில் இருந்தபோதே வந்திருந்தன. வேலை மிகும்போது வரும் கோளாற்றுக்குச் சும்மா கிடப்பது காரணமாக இருக்க முடியுமா? எல்லாரையும் ‘லோடு’ என்ற சொல்லை நோக்கித் தள்ளிய இந்த முரண்தான் இந்தத் தேடலிலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட பாடமாக அமைந்தது.

விடை கனெக்‌ஷன் பூல் (திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்துக் கேட்பவருக்குத் தருவது) இணைப்புகளைக் கொடுக்கும் வரிசையில் இருந்தது. எங்கள் பூலில் 40 இணைப்புகள். பழைய நூலகம் ஒன்றால் கட்டப்பட்ட அது, கடைசியாகத் திரும்பி வந்த இணைப்பையே அடுத்துக் கேட்பவருக்குக் கொடுத்தது. தட்டுகளை அடுக்கி வைத்தால் மேலே உள்ள தட்டே திரும்பத் திரும்பப் பயன்படுவதைப் போல. சாதாரண நேரத்தில் ஏழெட்டு இணைப்புகளே எல்லா வேலையையும் பார்த்துவிடும். மற்றவை மணிக்கணக்கில் அடியில் உறங்கிக் கிடக்கும். வேலை கூடி ஒரே நேரத்தில் இருபது பேர் கேட்கும்போதுதான் பூல் அடியில் கிடப்பவற்றை எடுக்கும். அவற்றை ஃபயர்வால் எப்போதோ மறந்துவிட்டிருக்கும். உச்ச வேளையில் வெளிப்பட்டாலும் அந்தக் கோளாறு விளைந்தது ஓய்வு வேளையில்.

இதை ஊகமாக விட்டுவிட எனக்கு மனமில்லை. பயன்பாட்டு சர்வரிலிருந்து தரவுத்தளத்துக்குக் கையால் ஒரு இணைப்பைத் திறந்து, 50 நிமிடம் சும்மா விட்டு, ஒரு சிறு வினவலை அனுப்பினேன்; உடனே விடை வந்தது. அடுத்து 65 நிமிடம் விட்டு அனுப்பினேன், உறைந்தது. உறைந்த நிலையில் ‘எஸ்எஸ்’ கட்டளையைக் கொண்டு அந்த இணைப்பைப் பார்த்தபோது, அனுப்பப்பட்டும் ஒப்புதல் பெறாத பைட்டுகள் வரிசையில் நிற்பதும், மறு அனுப்பல் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடுவதும் தெரிந்தன. அதே நேரத்தில் தரவுத்தள சர்வரில் ஓடிய, பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப்பில் அந்த இணைப்புக்குரிய ஒரு பாக்கெட்டும் வரவில்லை. தரவுத்தளத்தின் செயல்பாட்டு அட்டவணையிலோ அந்த இணைப்பு சும்மா இருப்பதாக நிம்மதியாகக் காட்டப்பட்டது. ஒரே நேரத்தில் இரு முனைகளிலும் பார்த்ததால்தான் ‘உன் பக்கமா, என் பக்கமா’ என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. ஒரு முனையில் மட்டும் பிடித்த பாக்கெட் பதிவை வைத்து எத்தனை நாள் வாதாடினாலும் அது முடிந்திருக்காது.

பாக்கெட் பதிவு பற்றி ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விட்டுவிட்டு வரும் கோளாற்றுக்குப் பதிவை நாள் கணக்கில் ஓட விட வேண்டியிருக்கும். முழுப் பாக்கெட்டையும் சேமித்தால் வட்டு நிறைந்துவிடும். அதைவிட முக்கியமாக, வாடிக்கையாளர்களின் விவரங்கள் எல்லாம் அந்தக் கோப்பில் வந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் தலைப்பகுதி அடங்கும் அளவுக்கு முதல் 96 பைட்டுகளை மட்டும், தரவுத்தளத்தின் வாயில் எண்ணான 5432 என்ற போர்ட்டுக்கு மட்டும், குறிப்பிட்ட எண்ணிக்கைக் கோப்புகளில் சுழற்சி முறையில் எழுதும்படி அமைத்தேன். புகார் வந்தவுடன் அந்த நேரத்துக்குரிய கோப்பைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வேன். தலைப்பகுதியை அடுத்து வரும் சில பைட்டுகளில் தரவு ஒட்டியிருக்கலாம் என்பதால் அந்தக் கோப்புகளையும் வேலை முடிந்ததும் அழித்தேன்.

சரிசெய்வதற்கு மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன. இணைப்பைக் கொடுக்குமுன் பூல் ஒரு சிறு வினவலை அனுப்பி உயிர் இருக்கிறதா என்று சோதிக்கட்டும் என்றார் தரவுத்தள நிர்வாகி. கேட்க நன்றாக இருந்த அந்த யோசனை சோதனையில் தோற்றது. எங்கள் பூலில் அந்தச் சோதனை வினவலுக்கே கால வரம்பு இல்லை, எனவே இறந்துபோன இணைப்பில் சோதனையும் அதே கால் மணி நேரம் உறைந்தது. ஃபயர்வாலின் கால அளவை ஒரு நாளாக உயர்த்திவிடலாம் என்றார் நெட்வொர்க் நிர்வாகி. எல்லா இணைப்புகளுக்கும் அப்படிச் செய்தால் அட்டவணையில் செத்த வரிகள் குவியும். மேலும் நாளை யாராவது கருவியை மாற்றினால் கோளாறு அப்படியே திரும்பி வரும். எனக்குச் சரியாகப் பட்டது மூன்றாவது வழி: இணைப்பின் முனைகளே அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளும் டிசிபி கீப்அலைவ்.

கீப்அலைவை இயக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. 1989இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 1122, கீப்அலைவின் இயல்பு இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றது. லினக்ஸிலும் அது 7200 விநாடிதான். ஃபயர்வால் ஒரு மணி நேரத்தில் மறந்துவிடும்போது இரண்டாவது மணி நேர முடிவில் போகும் கீப்அலைவால் பயனில்லை. போஸ்ட்கிரெஸ் தன் பக்கத்தில் கீப்அலைவை இயக்கியே வைத்திருந்தும் எங்களுக்கு உதவாததன் காரணம் இதுதான். இன்னும் ஒரு பக்கவிளைவும் இருந்தது: பயன்பாடு கைவிட்ட இணைப்புகளைத் தரவுத்தளம் 7200 விநாடி கழித்துத்தான் சோதிக்கத் தொடங்கும், 75 விநாடிக்கு ஒன்றாக ஒன்பது முறை கேட்டு விடை வராத பிறகே மூடும். அதாவது இரண்டு மணி பதினொரு நிமிடத்துக்கு மேல் அவை உயிரற்று நின்று, இயல்பாக 100 என்று இருக்கும் இணைப்பு வரம்பில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இரு முனைகளிலும் 300 விநாடி ஓய்வுக்குப் பின் முதல் கீப்அலைவ், 30 விநாடி இடைவெளி, நான்கு முயற்சி என்று அமைத்தோம். கர்னலில் எண்ணை மாற்றினாலும், கேட்டுக்கொண்ட இணைப்புக்குத்தான் அது பொருந்தும் என்பதால் ஜாவா டிரைவரிலும் கீப்அலைவை இயக்க வேண்டியிருந்தது. டிரைவரின் இயல்பு அமைப்பில் அது அணைந்தே இருக்கிறது. பூலையும் மாற்றி, எந்த இணைப்பும் 30 நிமிடத்துக்கு மேல் வாழக் கூடாது என்று வரையறுத்தோம். விடைக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு வரம்பு வைத்தோம். வினவல் போய்க்கொண்டிருக்கும்போதே பாதை அறுந்தால், ஒப்புதல் பெறாத தரவு நிலுவையில் இருக்கும் அந்த நிலையில் கீப்அலைவ் வேலை செய்யாது. மறுபடியும் அந்த 924 விநாடிதான். வரம்பு வைக்கும்போது நியாயமாகவே நீண்ட நேரம் ஓடும் அறிக்கைகளை மறந்துவிடக் கூடாது. எங்கள் மாத அறிக்கை ஒன்றுக்கு நான்கு நிமிடம் தேவைப்பட்டது. அறிக்கைகளுக்குத் தனிப் பூல், அதற்குத் தனி வரம்பு என்று பிரித்தோம்.

அடுத்த நாளிலிருந்து கால் மணி நேர உறைவு ஒருமுறை கூட வரவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு, கோளாறு தீர்ந்தது என்று எல்லாப் பிரிவுகளுக்கும் எழுதினேன். அதே மாலையில் அந்தக் கணக்குப் பிரிவு ஊழியர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ‘பெரிய உறைவு நின்றுவிட்டது, சார். ஆனால் இந்தப் பத்து விநாடி மட்டும் அப்படியே இருக்கிறது’ என்று அமைதியாகச் சொன்னார். புரட்டிப் பார்த்தேன். பத்து விநாடிப் பதிவுகள் முதல் வாரத்திலிருந்தே அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தன. இரண்டு வகை என்று நானே பிரித்துவிட்டு, ஒன்றின் விடை கிடைத்த மகிழ்ச்சியில் மற்றொன்றும் அதனால்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஒரே நேரத்தில் தோன்றும் இரண்டு நோய்களை ஒன்றாக நினைப்பது இந்தத் தொழிலில் மிகவும் எளிது. ஒரு மாற்றத்துக்குப் பின் கோளாறு ‘குறைந்தது’ என்று யாராவது சொன்னால், மீதியாக நிற்பது என்ன வகை என்று கேட்காமல் இப்போதெல்லாம் நான் கோப்பை மூடுவதில்லை.

பத்து விநாடி என்பது டிரைவர் புதிய இணைப்புக்குக் காத்திருக்கும் இயல்பு வரம்பு. எனவே சிக்கல் இணைப்பைத் தொடங்கும் கட்டத்தில் இருந்தது. பயனர் புகாருக்குக் காத்திருக்காமல், இரண்டு விநாடிக்கு ஒருமுறை தரவுத்தளத்தின் போர்ட்டுக்கு ஒரு புதிய இணைப்பைத் திறந்து உடனே மூடும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். ஒவ்வொரு முயற்சிக்கும் தொடங்கிய நேரம், எடுத்துக்கொண்ட நேரம், நம் பக்கத்து போர்ட் எண் ஆகிய மூன்றையும் அது கோப்பில் எழுதும். ஒரு நாளைக்கு 43,200 முயற்சிகள். தரவுத்தள நிர்வாகியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சொல்லாமல் இதைச் செய்தால் தாக்குதல் என்று அவர் நினைப்பதில் தவறில்லை.

மறுநாள் காலையில் அந்தக் கோப்பை நேர வாரியாக அடுக்கியபோது, முயற்சிகள் பெரும்பாலும் மூன்று குவியல்களாகப் பிரிந்தன. மிகப் பெரும்பாலானவை ஒரு மில்லி விநாடியில் முடிந்திருந்தன; கொஞ்சம் ஒரு விநாடிக்குச் சற்று மேல்; இன்னும் கொஞ்சம் மூன்று விநாடிக்குச் சற்று மேல். ஏழு விநாடியில் ஒன்றிரண்டு. பத்தில் தோற்றவை சில. அரை விநாடி, இரண்டு விநாடி என்று எதுவும் இல்லை. சர்வர் திணறினால் நேரம் பரவலாக இருக்கும். இப்படிப் படிப்படியாக நிற்காது. 1, 3, 7 என்பது தொலைந்துபோன சின் பாக்கெட்டின், அதாவது இணைப்பைத் தொடங்கக் கேட்கும் முதல் பாக்கெட்டின், கையெழுத்து. முதல் சின்னுக்கு விடை வராவிட்டால் எங்கள் சர்வரில் இருந்த லினக்ஸ் பதிப்பு ஒரு விநாடி கழித்தும், பிறகு இரண்டு விநாடி, நான்கு விநாடி கழித்தும் மீண்டும் அனுப்பும். கூட்டினால் 1, 3, 7. இந்த ஒரு விநாடித் தொடக்கம் 2011இல் வந்த ஆர்எஃப்சி 6298 பரிந்துரைத்தது. அதற்கு முன் மூன்று விநாடி. பழைய விண்டோஸ் பயன்பாடுகள் 21 விநாடியில் கைவிடுவதும் அதே கணக்குத்தான்: 3, 6, 12.

பாக்கெட் தொலைகிறது, ஆனால் மூன்று வாரப் பிங்கில் ஒன்று கூடத் தொலையவில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தது போர்ட் எண் பத்தி. தாமதமான முயற்சிகளின் போர்ட் எண்களைப் பார்த்தபோது, சில எண்கள் திரும்பத் திரும்ப வந்தன. 200 போர்ட் எண்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் நூறு முறை இணைக்கும்படி நிரலை மாற்றினேன். மூடிய இணைப்பின் எண் 60 விநாடி மறுபயன்பாட்டுக்குக் கிடைக்காமல் ‘டைம் வெயிட்’ நிலையில் இருக்கும் என்பதால், ஒரு சுற்று முடிய நூறு விநாடி ஆகும்படி வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். முடிவு தெளிவாக வந்தது: ஏறத்தாழ பாதி எண்களில் ஒரு முறை கூடத் தாமதம் இல்லை, மறுபாதியில் மீண்டும் மீண்டும் தாமதம்.

பாதி நல்லது, பாதி கெட்டது என்றால் பாதை எங்கோ இரண்டாகப் பிரிகிறது. மைய ஸ்விட்சுக்கும் தரவுத்தளப் பிரிவின் ஸ்விட்சுக்கும் இடையே இரண்டு ஃபைபர் இணைப்புகளை ஒன்றாகக் கட்டியிருந்தோம். எந்தப் பாக்கெட் எந்த ஃபைபரில் போக வேண்டும் என்பதை ஸ்விட்ச், ஐபி முகவரிகளையும் போர்ட் எண்களையும் கலந்து கணக்கிட்டுத் தீர்மானிக்கும். ஒரு இணைப்பின் எல்லாப் பாக்கெட்டுகளும் ஒரே ஃபைபரிலேயே போகும். பிங்குக்குப் போர்ட் எண் கிடையாது. எனவே எங்கள் பிங் மூன்று வாரமும் நல்ல ஃபைபரிலேயே போய்க்கொண்டிருந்தது. நெட்வொர்க் நிர்வாகியின் வரைபடம் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட பாதையைப் பற்றி அது பேசவே இல்லை. இரு முனைப் பதிவுகளும், ஃபயர்வாலில் எடுத்த பதிவும் இதை உறுதிசெய்தன: சின் பாக்கெட் பயன்பாட்டு சர்வரை விட்டுக் கிளம்பியது, ஃபயர்வாலைத் தாண்டியது, தரவுத்தள சர்வருக்கு வரவில்லை.

தரவுத்தளப் பிரிவின் ஸ்விட்சில் இரண்டாவது ஃபைபரின் சிஆர்சி பிழை எண்ணிக்கை பல ஆயிரங்களில் நின்றது. பழுதான பாக்கெட்டைப் பெறும் பக்கம்தான் அந்தப் பிழையை எண்ணும். எங்கள் கண்காணிப்பிலோ மைய ஸ்விட்ச் மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தது, அனுப்பும் பக்கமான அதில் எல்லாம் பூச்சியமாகவே இருந்தன. ஃபைபரின் இரண்டு இழைகளில் ஒன்றில் மட்டும் ஒளியின் அளவு குறைந்திருந்தது. இணைப்பு அறுந்துபோகும் அளவுக்குக் குறையவில்லை, அதனால் விளக்கு பச்சையாகவே எரிந்தது. ரேக்கின் பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்தபோது எண்ணிக்கை கண்ணெதிரே தாவியது. கேபிளை பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கதவு மூடும்போது அது மேலும் வளைந்து அழுந்தியது.

உடனே கேபிளை மாற்றிவிடக் கை துடித்தது. அதற்கு முன் அந்த ஒரு ஃபைபரை மட்டும் ஸ்விட்சில் அணைத்தோம். 1, 3 விநாடித் தாமதங்கள் அந்த நொடியே நின்றன. இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இயக்கினோம். தாமதங்கள் திரும்பி வந்தன. மறுபடி அணைத்த பிறகே கேபிளை மாற்றி, இரு முனைகளையும் துடைத்து, தளர்வாகக் கட்டினோம். விட்டுவிட்டு வரும் கோளாறு தானாகவே நின்றிருக்கவும் கூடும் என்பதால், அணைத்து, இயக்கி, அணைத்துப் பார்க்காமல் தீர்ந்தது என்று சொல்ல இரண்டாவது முறை நான் துணியவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பின் வேறு இடங்களிலும் முதலில் காத்திருப்பின் நீளத்தைத்தான் கேட்கிறேன். சரியாக 5 விநாடி தாமதித்து, பிறகு எல்லாம் வேகமாக ஓடினால் பெயரைத் தேடும் டிஎன்எஸ் சர்வர்களில் முதலாவது இறந்திருக்கலாம். லினக்ஸ் அடுத்ததைக் கேட்குமுன் காத்திருக்கும் நேரம் அதுதான். எஸ்கியூஎல் சர்வரோடு பேசும் டாட்நெட் பயன்பாட்டில் 15 விநாடி என்றால் இணைப்புக் கட்டம், 30 விநாடி என்றால் வினவல் கட்டம். பூலில் இடம் கிடைக்காமல் காத்திருந்து தோற்றால் நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் கூடப் போயிருக்காது. அப்போது ஸ்விட்சைப் புரட்டுவது வீண். இணைப்பு ஏற்படுகிறது, சிறு வினவல் ஓடுகிறது, பெரிய விடை மட்டும் உறைகிறது என்றால் இடையில் விபிஎன் இருக்கிறதா, 1500 பைட் பாக்கெட் அதில் நுழையாததைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தியை யாராவது தடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். காத்திருக்காமல் உடனே மறுக்கப்பட்டால் அது டைம்அவுட்டே அல்ல. யாரோ விடை சொல்லியிருக்கிறார்கள், அதற்குரிய லாக் எங்காவது இருக்கும்.

கடைசியாக ஒரு பக்கத் தாளில் எல்லாக் கால அளவுகளையும் எழுதி வைத்தோம்: கீப்அலைவ் 300 விநாடி, பூல் இணைப்பின் ஆயுள் 30 நிமிடம், ஃபயர்வாலின் ஓய்வு வரம்பு 60 நிமிடம், வினவல் வரம்பு, இணைப்பு வரம்பு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை மாற்றும் உரிமை யாருக்கு, மாற்றுமுன் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது. சிறியது பெரியதற்கு முன்னால் வரும்படியான வரிசை கலையக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஓராண்டு கழித்து ஃபயர்வாலை மாற்றியபோது, புதிய கருவியின் ஓய்வு வரம்பு 30 நிமிடம் என்று இருந்தது. நெட்வொர்க் நிர்வாகி அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தார். கருவியை இணைக்குமுன்பே பூலின் ஆயுளை 20 நிமிடமாகக் குறைத்தோம். இரண்டு விநாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் அந்தச் சிறு நிரல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் கடைசிப் பதிவு, ஃபைபர் கேபிளை மாற்றிய நாளுக்கு முந்தைய நாளோடு நிற்கிறது.